பெடல் ஆடினால் காலை எடுக்காதே

மே 24, சனி

வண்டி வந்துவிட்டது. செகண்ட் ஹேண்ட்தான், மஞ்சள் போர்டுதான், பின் சீட்டில் யாரோ என்றைக்கோ கொட்டிய மீன் குழம்பு வாசனை இன்னும் போகவில்லைதான். இருந்தாலும் ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டி! எங்கள் வீட்டு வாசலில்!

இந்த நோட்டில் எழுதுவதற்கு ஒரே காரணம், இங்கே யாரும் கமெண்ட் போட முடியாது. நான் கார் பற்றி ரீல்ஸ் போடுகிறவள். எல்லாம் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஒரு பெண் பிரேக்கைப் பற்றிப் பேசினால் கீழே வந்து என்னென்ன எழுதுகிறார்கள் என்பதை இங்கே எழுதினால் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும்.

சேலத்தில் கடைக்காரர் கனகசபை நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, சாவி கொடுப்பதை வீடியோ எடுத்தார். நான் பின் சீட்டிலிருந்து என் வீடியோவை எடுத்தேன். ஏற்காடு வந்ததும் பங்குச் சாமியார் புனித நீர் தெளித்தார். அம்மா எதையும் விட்டுவைக்க மாட்டாள்.

சாப்பிடும்போது அப்பாவுக்கு ஏபிஎஸ்ஸை விளக்கினேன். ஒவ்வொரு சக்கரத்திலும் பல் வைத்த ஒரு வளையம் இருக்கிறது, பக்கத்தில் ஒரு சென்சார், பற்கள் எவ்வளவு வேகமாகக் கடக்கின்றன என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஈர ரோட்டில் ஓங்கி மிதித்தால் ஏதாவது ஒரு சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கப் பார்க்கும். வழுக்குகிற டயர் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. அதனால் அது நிற்கப் போகிறது என்று தெரிந்ததுமே கம்ப்யூட்டர் அந்தச் சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஆயில் அழுத்தத்தை மட்டும் விடும், பிடிக்கும், விடும், பிடிக்கும். ஒரு நொடிக்குள் பல தடவை. நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான், மிதித்த காலை எடுக்காமல் ஸ்டீயரிங்கைத் திருப்புவது.

அப்பா சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இருவத்தஞ்சு வருசமா என் காலுதான்டி ஏபிஎஸ்ஸு. விட்டு விட்டு மிதிச்சா எந்த வண்டியும் நிக்கும்."

விட்டு விட்டு மிதிக்கவே கூடாதுப்பா, அது பழைய வண்டிக்கு, இதில் பெடல் காலுக்குக் கீழே தடதடவென்று ஆடும், பயப்படக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு. கழுவியது நான்.

மே 27, செவ்வாய்

வண்டியின் மீன் வாசனைக்கு அம்மா சாம்பிராணி போட்டாள். இப்போது மீனும் சாம்பிராணியும். வாந்தி வருகிறது.

மே 30, வெள்ளி

காலையிலிருந்து மழை. அப்பா பெங்களூர்க்காரர்கள் இரண்டு பேரைச் சேலம் ஸ்டேஷனில் விட்டுவரப் போனார். திரும்பி வரும்போது முன் பம்பரின் இடது மூலை பிளந்திருந்தது. கொண்டை ஊசி வளைவில் மைல் கல்லில் இடித்துவிட்டாராம். யாருக்கும் அடி இல்லை. என்ன ஆச்சு என்று கேட்டால் "தண்ணி" என்றார். ரோட்டில் தண்ணீரா, இவர் தண்ணீரா என்று அம்மாவுக்கு ஒரு நிமிடம் சந்தேகம். வாயை முகர்ந்து பார்த்தாள். இல்லை.

வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வெகுநேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு தடவை போய்க் கூப்பிட்டாள். பசி இல்லையாம்.

ஏபிஎஸ் இருந்தும் இடித்தாரா? ஏற்காட்டிலேயே நல்ல டிரைவர் என்று பெயர் வாங்கிய அந்தோணிராஜ், புது வண்டி எடுத்து ஒரு வாரத்தில் மைல் கல்லில்! ஸ்டாண்டில் சிரித்திருப்பார்கள். எனக்கே கேவலமாக இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

இந்த வீட்டில் மனிதர் வாழ முடியாது.

அப்பா வெறுங்காலோடு வண்டி ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, சேறு அப்பிய காலை அப்படியே பிரேக்கில் வைக்கிறார். நான் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த பெடல்! ரப்பரின் இடுக்கெல்லாம் செம்மண்ணும் ஒரு முடியும். ஒரு முடி!

காலையில் பல் தேய்க்கும்போது கொல்லையில் ஒற்றைக் காலில் நிற்கிறார். வலது காலில். வாயில் நுரையோடு கொக்கு மாதிரி. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சிரித்தது.

நேற்று லூர்து மாமாவைப் பார்க்கப் போய்விட்டு வந்ததிலிருந்து இப்படி. லூர்து மாமா அப்பாவோடு ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர். சர்க்கரை முற்றி, போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாதத்தை எடுத்துவிட்டார்கள். வண்டியையும் விற்றாயிற்று. இப்போது வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற வண்டியை எல்லாம் திட்டிக்கொண்டிருப்பார். அப்பாவுக்கும் சர்க்கரைதான். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுவார்.

சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று காலை நீட்டி, "ஜெனி, இது நேரா நிக்குதா பாரு" என்றார். நான் ரீல் எடிட் பண்ணிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றேன். பாதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றும்?

ஜூன் 3, செவ்வாய்

பம்பரை ஒட்ட வேண்டும் என்று வண்டியைக் கதிரேசன் அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனார். சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். அம்மாவுக்கு பக்கோடா வாங்கி வந்தார். பம்பர் பிளந்தபடியே இருக்கிறது.

ஜூன் 4, புதன்

கோபத்தில் எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணையும் இல்லையா, அதை ஸ்லோ மோஷனில் எடுத்து ஒரு ரீல் போடலாம் என்று மதியம் எடுத்தேன். அழகான ஷாட். எடிட் பண்ணும்போது பார்க்கிறேன், எஞ்சின் விளக்கு எரிகிறது, ஆயில் எரிகிறது, பேட்டரி எரிகிறது, ஹேண்ட் பிரேக் எரிகிறது. ஏபிஎஸ் விளக்கு எரியவில்லை. அந்த இடம் கன்னங்கரேலென்று இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தேன். இல்லை.

தெரியாதவர்களுக்கு இது ஒன்றுமில்லை. விளக்கு எரியாவிட்டால் நல்லதுதானே என்பார்கள். அப்படி இல்லை! சாவி போட்டதும் அந்த மஞ்சள் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தால்தான் ஏபிஎஸ் தன்னைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டு, சரி என்கிறது என்று அர்த்தம். அணையாமலே எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் யாரோ கோளாறை மறைத்திருக்கிறார்கள். பழைய வண்டி விற்பவர்கள் செய்கிற வேலை இது என்று எத்தனை வீடியோவில் பார்த்திருக்கிறேன். மீட்டரைக் கழற்றி உள்ளிருந்து ஒரு துண்டு கறுப்பு டேப். அவ்வளவுதான். உயிரைக் காப்பாற்றுகிற சாமானைச் செத்த எலி மாதிரி மூடி வைத்துவிட்டு, மேலே மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி விற்றிருக்கிறான் அந்த ஆள்.

பதினாறாம் தேதியிலிருந்து அப்பா நான்கு நர்சிங் மாணவிகளைத் தினமும் காலையில் சேலத்துக்குக் கூட்டிப் போகப் போகிறார். மழைக்காலம். இருபது கொண்டை ஊசி. அதற்குள் இதைச் சரி செய்தாக வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ரீல் போட்டுவிட்டேன். கடை இருக்கிற தெருவைச் சொன்னேன், போர்டின் நிறத்தைச் சொன்னேன், கனகசபை என்று பெயரையும் சொன்னேன். இதுவரை நான் போட்ட எல்லா ரீலையும் சேர்த்தாலும் இத்தனை பேர் பார்த்ததில்லை. "சூப்பர் சிஸ்டர்", "இவனுங்களை எல்லாம் விடக் கூடாது", "எனக்கும் இதே கடையில் இதே அனுபவம்". சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. போனில் ரீல்ஸ் பார்ப்பவர் அல்ல.

ஜூன் 6, வெள்ளி

கனகசபை கூப்பிட்டார். அப்பாவை அல்ல, என்னை. கத்துவார் என்று ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டுத்தான் எடுத்தேன். கத்தவில்லை. ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறேன் பாப்பா, பாத்துட்டுக் கூப்பிடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

சாவி கொடுத்த அன்று அவர் எடுத்த வீடியோ. மாலை, எலுமிச்சம்பழம், அப்பாவின் அசட்டுச் சிரிப்பு. பிறகு கேமரா ஜன்னல் வழியாக உள்ளே போய் மீட்டரைக் காட்டுகிறது. அப்பா சாவியைத் திருப்புகிறார். ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரிந்து, அணைகிறது.

என் போனில் இருந்த என் வீடியோவையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் எரிகிறது. என்னிடமே இருந்திருக்கிறது.

திரும்பக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"நான் பழைய வண்டி விக்கிறவன் பாப்பா. என்னைத் திருடன்னு யார் சொன்னாலும் நம்ப ஆள் ரெடியா இருக்கும். அதனாலதான் ஒவ்வொரு வண்டிக்கும் வீடியோ எடுத்து வெச்சுக்கறேன். உன் ரீல்ல பம்பர் வெடிச்சிருக்கே, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

ரீலை அழித்தேன். மன்னிப்பு கேட்டு இன்னொன்று போட்டேன். முதல் ரீலைப் பார்த்தவர்களில் நூற்றில் ஒருவர்கூட இதைப் பார்க்கவில்லை. பார்த்த சிலரும் "எவ்வளவு வாங்கினே" என்று கேட்டிருக்கிறார்கள். எனக்கும் இதே அனுபவம் என்று நேற்று எழுதினானே, அவன் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். அவன் இருப்பது துபாயில். வண்டியே கிடையாது.

என் மேலேயே ஒரு நாற்றம் அடிக்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு தடவை குளித்தேன்.

ஜூன் 7, சனி

கடையில் இருந்தபோது எரிந்த விளக்கு, இங்கே வந்து எப்படி அணைந்தது? அப்பா தூங்கும்போது பானெட்டைத் திறந்தேன். ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் படம் போட்டிருக்கும். ஏபிஎஸ்ஸுக்கு உண்டான இடம் காலி. ஃப்யூஸ் உருகியிருக்கவில்லை. யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கினால் விளக்கு அணையாமல் எரியும், அதனால் அதையும் டேப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அப்பா எழுந்து வந்து பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார்.

ஏன் என்றேன்.

"பெடல் ஆடுச்சு. இப்ப ஆடல. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! பெடல் ஆடுவதுதான் அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் என்று வாசலிலேயே நின்று கத்தினேன். சக்கரத்திலிருந்து விட்ட ஆயிலை பம்ப் திரும்பத் தள்ளுகிறது, அந்த உதைதான் காலுக்கு வருகிறது. அன்றைக்கு மழையில் ஆடியதும் நீங்கள் காலை எடுத்திருப்பீர்கள், அதனால்தான் மைல் கல்லில் போய் இடித்தீர்கள் என்றேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக்கைப் பிரித்துக் கொடுப்பதும் அதே பெட்டிதான். அது செத்தால் ஈரத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி பம்பரமாகச் சுற்றும், அந்த நான்கு பெண்களோடு கீழே போவீர்கள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆடாத பிரேக்குலதான் உன்னைப் படிக்க வெச்சேன். போன்ல படிச்சதைப் போன்லயே வெச்சுக்க" என்று சொல்லி, பானெட்டை இறக்கி மூடினார்.

இருபத்தைந்து வருட அனுபவம் என்றால் இதுதானா? ஆடுகிறது என்பதற்காகப் பிடுங்கிப் போட்டுவிடுவதா? ஒர்க்‌ஷாப்பிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தாரே அன்றைக்கு, பக்கோடா பொட்டலத்தோடு. அந்தச் சிரிப்பை நினைத்தால் குமட்டுகிறது. அதைவிடக் குமட்டுவது, இதற்காக நான் ஒருவரைத் திருடன் என்று ஊருக்கே சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

ஒண்டிக்கடை முக்குக்குப் போய்ப் புது ஃப்யூஸ் வாங்கி வந்தேன். அப்பா மதியம் படுத்ததும் போட்டேன். விளக்கை டேப் போட்டு மறைத்திருப்பதால் அவருக்குத் தெரியவே தெரியாது. ஜெயித்துவிட்டேன் என்று மாடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. அவருக்குத் தெரியாமல் போட்டால் என்ன ஆகும்? மழையில் மிதிப்பார், ஆடும், பயந்து காலை எடுப்பார், வண்டி நிற்காது. அன்றைக்கு மைல் கல். இன்னொரு நாள் அந்த இடத்தில் மைல் கல் இருக்காது. ஃப்யூஸை வண்டியில் போட்டால் போதாது, அவர் காலில் போட வேண்டும்.

இறங்கிப் போய்ப் பிடுங்கினேன். கையெல்லாம் கிரீஸ். இன்னும் போகவில்லை, இந்தப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது.

ஜூன் 11, புதன்

கதிரேசன் அண்ணனோடு சண்டை போடப் போனேன். ஒரு மெக்கானிக் இப்படிச் செய்யலாமா, கேட்டவருக்கெல்லாம் ஏபிஎஸ்ஸைப் பிடுங்கிக் கொடுப்பதா என்று ஆரம்பித்தேன். அவர் ஜீப்புக்கு அடியில் இருந்தார். கால் மட்டும் தெரிந்தது. நான் முடிக்கும் வரை வெளியே வரவில்லை. முடித்த பிறகும் உடனே வரவில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பன் பிரேக்கைச் சரி பண்ணுன்னு வரலம்மா" என்றார்.

பின்னே?

"அந்த ஃப்யூஸை எடு கதிரேசா, எடுத்துட்டு ஓட்டிப் பாக்கணும்னாரு. எடுத்தேன். அந்த மேட்டு ரோட்டுல நனைஞ்சு கெடந்த எடத்துல போய் ஓங்கி மிதிச்சாரு. டயர் தேச்சுக்கிட்டே போய் நின்னுச்சு. ஆடல. எறங்கி வந்து அந்தத் தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. அப்ப என் கால் இல்லடா, வண்டிதான் ஆடியிருக்குன்னாரு."



இனிமேல் ஃப்யூஸைப் போட்டுவிடலாமே என்று கதிரேசன் அண்ணன் கேட்டாராம். வேண்டாம் என்றாராம் அப்பா. போட்டால் மறுபடி ஆடும், மிதிக்கிறபோது ஆடுவது எது என்று எனக்குத் தெரியாது, காலா வண்டியா என்று யோசித்துக்கொண்டு மலை இறங்க முடியாது என்றாராம். லூர்து மாமாவுக்கும் முதலில் கால் நடுங்கியதாகத்தான் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், தனக்கும் அதுதான் ஆரம்பித்துவிட்டது என்று.

விளக்கை ஏன் மறைத்தீர்கள் என்றேன்.

"எரிஞ்சா நீ கேப்பேன்னு. வேற யாருக்கும் இல்ல."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் யாரோ டூரிஸ்ட்டுகள் காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை வீசினார்கள். வழக்கமாகக் கத்துவேன். கத்தவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கும் கொல்லையில் ஒற்றைக் காலில் நின்றார். நான் ஜன்னலை மூடிவிட்டேன்.

ஜூன் 14, சனி

பம்பரை ஒட்டித் தருகிறேன் என்று கதிரேசன் அண்ணனே போன் பண்ணி வண்டியை வரச் சொன்னார். நான் சொல்லித்தான். பம்பரை ஒட்டினார், மீட்டரைக் கழற்றி டேப்பை எடுத்தார், ஃப்யூஸைப் போட்டார். அப்பாவிடம் மறைக்கவில்லை. "போட்டிருக்கேண்ணே, பாப்பா நாளைக்கு ஓட்டணுமாம், அதுக்கு" என்று என்னைக் காட்டிவிட்டார்.

நாளைக்கு எஸ்டேட்டில் பழைய காபிக் களத்தில் நான் ஓட்டப் போகிறேன், நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தால் போதும் என்றேன் அப்பாவிடம். மலை ரோட்டில் இவர் என்னை ஸ்டீயரிங்கைத் தொடவே விட்டதில்லை. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாக அது பர்ஸில் தூங்குகிறது. களம்தானே என்று ஒப்புக்கொண்டார். ரீலுக்கா என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேரே களத்துக்குப் போனோம். எஸ்டேட்டில் காபிக்கொட்டையை மெஷின் வைத்துக் காயவைக்க ஆரம்பித்த பிறகு அந்தக் களத்தை யாரும் தொடுவதில்லை. நீளமான சிமெண்டுத் தரை, மழைக்குப் பாசி பிடித்து, மேலே அழுகிய இலை. காலை வைத்தால் சளியை மிதித்த மாதிரி வழுக்குகிறது. ச்சீ! ஆனால் எனக்கு வேண்டியது அதுதான்.

போனை எடுத்து டாஷ்போர்டில் வைக்கப் போனேன், பழக்கம். திரும்பப் பைக்குள் போட்டேன்.

சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்தது. ஒரு கோடியிலிருந்து வேகம் எடுத்து, நடுவில் வந்ததும் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் தடதடவென்று உதைத்தது, அடியில் க்ர்ர்ர் என்று ஒரு சத்தம், வண்டி தடுக்கித் தடுக்கி நேராக நின்றது. எத்தனையோ வீடியோவில் கேட்ட சத்தம். காலில் வந்தது இதுதான் முதல் தடவை.



இரண்டாவது தடவை இன்னும் வேகமாகப் போனேன். சுவர் நெருங்கி வந்தது. மிதிக்கும்போது அப்பா பயத்தில் சட்டென்று என் முட்டியைப் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றது. கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ" என்றார்.

போனேன். மிதித்தேன். அவர் உள்ளங்கை என் முட்டியின் மேல் அழுத்தமாக இருந்தது. முன்னால் பார்க்கவில்லை, என் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் ஆடுது."

"எல்லாருக்கும் ஆடும்பா."

அவர் காலைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. கதிரேசன் அண்ணன் சொன்னதையும் சொல்லவில்லை. கண்ணாடியில் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று இறங்கிப் போய்த் துடைத்தேன். திரும்பி வந்தபோது அப்பா டிரைவர் சீட்டில் இருந்தார். செருப்பு போட்டிருந்தார்.

முதல் தடவை ஆடியதும் காலை எடுத்துவிட்டார். வண்டி வழுக்கிக்கொண்டே போய் இலைக் குப்பையில் மூக்கை நுழைத்தது. எடுக்காதீங்கப்பா என்று கத்தினேன். "கால் தானா வருதுடி, பழக்கம்" என்றார். அது பொய் இல்லை. அத்தனை வருடம் விட்டு விட்டு மிதித்த கால். அடுத்த தடவையும் எடுத்தார். அதற்கடுத்த தடவை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியபடியே இருந்தார். பெடல் ஆடியது, கன்னம் ஆடியது, தொப்பை ஆடியது. வண்டி நின்றது.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. நான் களத்தின் நடுவில் ஒரு பழைய கூடையை வைத்தேன். மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பி அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஏபிஎஸ் இருப்பதே இதற்குத்தான், சீக்கிரம் நிற்பதற்கு மட்டும் இல்லை, மிதிக்கும்போதும் திரும்ப முடியும் என்பதற்கு. முதலில் கூடையை நசுக்கினார். நான் இன்னொரு கூடை தேடி வந்தேன். அதைத் தொடாமல் சுற்றிப் போய் நின்றார். சின்னப் பிள்ளை மாதிரி ஹாரன் அடித்தார்.

எஸ்டேட் சூப்பர்வைசர் குடையோடு ஓடி வந்து, களத்தை உழுகிறீர்களா என்று சத்தம் போட்டார். பாசியெல்லாம் பெயர்ந்து டயர் தடம் தடமாக இருந்தது. அப்பா இறங்கி, "பிரேக் டெஸ்ட்டுங்க, பாப்பா ஓட்டுனா" என்று பழியை என் மேல் போட்டார். எவ்வளவு கேவலமான மனிதர்!

ஜூன் 16, திங்கள்

காலையில் பெருமழை. நான்கு பெண்களும் குடையை மடக்கி ஏறினார்கள். ஒருத்தி ஏறியதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வண்டி தெருமுனையில் திரும்பி மறையும் வரை வாசலில் நின்றேன். பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அம்மா ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். நான் வானிலை ஆப்பைத் திறந்து திறந்து மூடினேன்.

சாயங்காலம் வந்தார்கள். பெண்கள் இறங்கிப் போன பிறகுதான் அப்பா சொன்னார். காலையில் இறங்கும்போது ஒரு வளைவில் திரும்பினால் ரோட்டின் நடுவில் காட்டெருமை நின்றிருக்கிறது. பக்கத்தில் கன்று. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம். இடையில் ஒரு வண்டி போகிற இடம்.

"மிதிச்சேன். ஆடுச்சு. ஆடட்டும்னு அமுக்கியே வெச்சிருந்தேன். அப்படியே ஒடிச்சுத் திருப்பி அதுக்கு அந்தாண்ட போய் நின்னேன். அந்தக் கழுதை திரும்பிக்கூடப் பாக்கல."

பின்னால் இருந்த பெண்கள் அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறதாம். இறங்கும்போது அவர்களில் ஒருத்தி, அங்கிள் உங்க கால் ஏன் அப்படி ஆடுச்சு என்று கேட்டாளாம். "பெடல்மா, கால் இல்ல" என்றாராம். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அம்மா தேங்காய் உடைக்க ஓடினாள். நாம் எப்போதிலிருந்து தேங்காய் உடைக்கிறோம் என்று கேட்டேன். வாயை மூடு என்றாள்.

அப்பா கொல்லையில் கால் கழுவினார். ரொம்ப நேரம். பிறகு படியில் உட்கார்ந்து, வலது பாதத்தைத் தூக்கி இன்னொரு முட்டியின் மேல் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பித்த வெடிப்பும் சேற்றுப் புண்ணுமாகப் பார்க்கவே சகிக்கவில்லை. குனிந்து பார்த்தேன்.

"இது நடுங்கல. அது எனக்கு இப்ப தெரியும். ஆனா இந்தக் கடைசி ரெண்டு விரல் இருக்கே, இதுல எதுவும் தெரியல. கிள்ளுனாலும் தெரியல. வருசம் ஆவப் போவுது."

கிள்ளிப் பார்த்தேன். தெரியவில்லை என்று தலையாட்டினார். இன்னும் பலமாகக் கிள்ளினேன். அதற்கும் அதேதான்.

அம்மாவிடம் சொன்னீர்களா என்றேன். இல்லை. டாக்டரிடம்? டாக்டரிடம் சொன்னால் ஓட்டாதே என்பார், லூர்துவிடம் அப்படித்தான் சொன்னார்கள் என்றார். லூர்து மாமா சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, மாத்திரையைக் குப்பையில் போட்டார், அதனால்தான் என்று சொல்ல நினைத்தேன். அவருக்கும் அது தெரியும். லூர்து மாமாவை டாக்டரிடம் கூட்டிப் போய்க் காட்டியதே இவர்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே அந்தப் பெண்களில் ஒருத்திக்குப் போன் போட்டார். நாளைக்கு வண்டி வராது, ஸ்டாண்டில் வேறு வண்டி சொல்லியிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், கால் என்றார். ஏதோ தண்ணீர் பில் கட்டப் போகிறவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நர்சிங் படிக்கிற பிள்ளை, அந்தப் பக்கத்திலிருந்து நிறையக் கேட்டிருப்பாள் போல. ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "டாக்டர்கிட்ட நீ எதுவும் பேசாத. என் காலைப் பத்தி நான் சொல்லிக்கறேன். நீ வண்டிய ஓட்டு."

எங்கே வரைக்கும் என்று கேட்டேன்.

"சேலம் வரைக்கும்தான். வேற எங்க?"

சாவி என் மேசை மேல் இருக்கிறது. அம்மா இரண்டு பேருக்கும் இட்லி கட்டித் தருகிறேன் என்கிறாள். வளைவுக்கு வளைவு கியரை மாத்து, ஹாரன் அடி, ஓரமாப் போ, அவனை விடு என்று அடிவாரம் வரைக்கும் அவர் பேசிக்கொண்டே வருவதை நினைத்தால் இப்போதே எரிச்சலாக இருக்கிறது. சீக்கிரம் படுக்க வேண்டும்.